கோழி இட்ட பிக்கப்

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது நம் அரசியல்வாதிகளுக்கு மட்டுமே கைவந்த கலை என்று நினைப்பவர்கள் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை. அங்கே கோழிக்கும் லாரிக்கும் ஒரு முடிச்சுப் போட்டார்கள். அறுபது ஆண்டு தாண்டியும் அது அவிழவில்லை. அந்த முடிச்சின் இடுக்கில் பிறந்த பிள்ளைதான் சுபாரு பிராட். நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு குட்டிக் காரின் முதுகை வெட்டிப் பிக்கப் ஆக்கினார்கள். பிறகு அந்தப் பிக்கப் சத்தியமாகக் கார்தான் என்று சாதித்தார்கள்.

எல்லாம் கோழிப்பண்ணையில் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் கோழியைத் தொழிற்சாலைச் சரக்காக மாற்றினார்கள். விலை விழுந்தது. மேற்கு ஜெர்மனியில் விருந்து நாளில் மட்டும் தலைகாட்டிய கோழி, சாதா நாளிலும் தட்டுக்கு வந்தது. தின்றவர்களுக்குச் சந்தோஷம்; வளர்த்தவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். 1962இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இறக்குமதிக் கோழிக்கு வரியை ஏற்றியது. அமெரிக்கக் கோழி துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

பெர்லின் சுவரின் காரை இன்னும் காயவில்லை. கியூபாவில் ஏவுகணை. உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் தலைவர்கள் எதைப் பற்றி எழுதிக்கொண்டார்கள்? தனக்கும் கென்னடிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் பாதி கோழியைப் பற்றியதுதான் என்று ஜெர்மன் சான்சலர் அடினாவர் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆர்கன்சா செனட்டர் ஃபுல்பிரைட், நேட்டோவின் அணு ஆயுத விவாதத்துக்கு நடுவே எழுந்து கோழிக்கு நியாயம் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆர்கன்சாவில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஓட்டு உண்டு, அணுகுண்டுக்குக் கிடையாது.

உலக வர்த்தக விதிகளைக் கவனித்த காட் அமைப்பின் நடுவர் குழு கூடி, அமெரிக்கக் கோழிக்கு நேர்ந்த நஷ்டம் 2.6 கோடி டாலர் என்று கணக்குச் சொன்னது. கென்னடி சுடப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகாத 1963 டிசம்பர் 4 அன்று, புது அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக லாரி. மளிகைச் சாமானும் சாராயமும் இருந்த சீட்டில் லாரி எப்படி வந்தது? மேற்கு ஜெர்மனியிலிருந்து ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் வந்துகொண்டிருந்தன, அதனால் வந்தது. லாரிக்கு வரி 25 சதவீதம். ஒரு நாட்டை மட்டும் தனியாக அடிக்க காட் விதியில் இடமில்லை என்பதால் எல்லா நாட்டு லாரிக்கும் அதே வரி. கோழிச் சண்டையிலேயே இல்லாத ஜப்பானுக்கும் சேர்த்துத்தான். மற்ற மூன்றும் காலப்போக்கில் தப்பிவிட்டன. லாரி மட்டும் மாட்டிக்கொண்டது.

சர்க்கார் தடுக்கில் பாய்ந்தால் கம்பெனி கோலத்தில் பாயும். முழு லாரிக்குத்தான் 25 சதவீதம். பின்தொட்டி இல்லாத மொட்டை லாரிக்கு வெறும் 4. உடனே ஜப்பானிலிருந்து மொட்டை லாரிகளாக வந்து இறங்கின. கரையேறியதும் தொட்டியை வைத்து போல்ட்டை முடுக்கினால் ஆயிற்று. இதில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் விசேஷம். செவர்லே லவ் என்று விற்றது ஜப்பானின் இசுசு. ஃபோர்டு கூரியர் என்று விற்றது ஜப்பானின் மஸ்டா. எந்த டெட்ராய்ட் கம்பெனிகளுக்கு அரணாக அந்த வரி நின்றதோ, அவையே அதில் ஓட்டை போட்டு உள்ளே வந்துகொண்டிருந்தன.

சுபாருவுக்கு இந்த வழி கைகொடுக்கவில்லை. 1972இல் ஜப்பானில் லியோன் என்ற நான்கு சக்கர இழுவை ஸ்டேஷன் வேகனை அது கொண்டுவந்திருந்தது. பனி மூடிய மலைக்கு ஏறிப்போக வண்டி வேண்டும் என்று மின் நிறுவனம் ஒன்று கேட்டதில் பிறந்த யோசனை அது. அந்த வேகனின் பின்கூரையை எடுத்துவிட்டுச் செய்த பிக்கப்புக்கு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டிய ஒரு பெயர்: பை-டிரைவ் ரிக்ரியேஷனல் ஆல்-டெரெய்ன் டிரான்ஸ்போர்ட்டர். சுருக்கமாக, பிராட். முன்னும் பின்னும் ஒரே கூடாக வார்த்த உடம்பு அதற்கு. தொட்டியைக் கழற்றி அனுப்பினால் பாதிக் கார்தான் போய்ச் சேரும்.

கழற்ற முடியாவிட்டால் என்ன, மாட்டலாமே! தொட்டிக்குள் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தினார்கள். கீழே கம்பளம் விரித்தார்கள். பிடித்துக்கொள்ள ஆளுக்கு இரண்டு கைப்பிடி. துறைமுகத்தில் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

“இது லாரிதானே?”

“ஐயோ, கார் சார். நாலு பேர் போகலாம்.”

“பின்னால் கூரையே இல்லையே?”

“காற்று வாங்க சார்.”

“சாமான் எங்கே வைப்பீர்கள்?”

“காரில் எதற்கு சார் சாமான்?”

காருக்கு வரி சுமார் 3 சதவீதம். முத்திரை விழுந்தது. 1978 மாடலாக பிராட் அமெரிக்கச் சாலையில் இறங்கியது. முன்னே இருவர் சாலையைப் பார்த்துப் போக, பின்னே இருவர் தொடர்ந்து வரும் லாரிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஸ்டெப்னியை பானெட்டுக்குள் எஞ்சின்மேல் வைத்துப் பத்திரப்படுத்திய அதே பொறியாளர்கள்தான் மனிதர்களைத் தொட்டியில் உட்கார வைத்தவர்கள். ஆஸ்திரேலியாவில் இதே வண்டி பிரம்பி என்ற பெயரில் விற்றது. அங்கே கோழிச் சண்டை இல்லை, ஆகவே தொட்டியில் இருக்கையும் இல்லை. ஜப்பானிலோ இதை விற்கவே இல்லை.

வாங்கியவர்களில் ரொனால்ட் ரீகனும் ஒருவர். சாண்டா பார்பரா மலைமேல் இருந்த தன் பண்ணைக்கு 1978 மாடல் பிராட் ஒன்றை வைத்துக்கொண்டார். அவர் அதிபரான 1981இல், அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்பமாட்டோம் என்று ஜப்பான் “தானாகவே முன்வந்து” ஒப்புக்கொண்டது. கழுத்தில் கை வைத்தால் யாரும் தானாகவே முன்வருவார்கள். 1983இல் ஹார்லி-டேவிட்சனைக் காப்பாற்ற, 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிளுக்கு அவர் வரியை ஏற்றினார். படிப்பது ராமாயணம், பண்ணையில் ஓட்டுவது சுபாரு.

1980இல் மொட்டை லாரி ஓட்டையை அடைத்தார்கள். 1985 மாடலோடு பிராட்டின் தொட்டி இருக்கைகளும் போயின. 1987 மாடலோடு பிராட்டே அமெரிக்காவிலிருந்து விடைபெற்றது. வித்தை மட்டும் போகவில்லை. 2009இலிருந்து ஃபோர்டு, துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் சரக்கு வேன்களைப் பின்னிருக்கையோடு கப்பலேற்றியது. பயணிகள் வண்டி என்று வரி கட்டிக் கரையேறியதும் இருக்கையைப் பிடுங்கிப்போட்டது. சுபாரு இருக்கையிலாவது யாரோ உட்கார்ந்தார்கள். இவை உட்கார ஆளில்லாமலே கடல் தாண்டி வந்து சுக்குநூறாயின. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2024இல் ஃபோர்டு 36.5 கோடி டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. ஆதியில் கோழிக்கு நேர்ந்த மொத்த நஷ்டத்தைப்போல பதினாலு மடங்கு!

சுபாரு இன்னொரு முறையும் காரை வெட்டிப் பிக்கப் செய்து பார்த்தது. 2003 மாடலாக வந்த அந்த பாஹாவை அமெரிக்காவின் இந்தியானாவிலேயே தயாரித்தார்கள். இறக்குமதி வரி இல்லை, ஏமாற்ற அதிகாரி இல்லை, தொட்டியில் இருக்கை வைக்கும் அவசியமும் இல்லை. நான்கு கதவு, உள்ளே ஒழுங்கான இருக்கைகள், சட்டப்படி எல்லாம் சுத்தம். நான்கே மாடலோடு 2006இல் கடை கட்டியது. வரிக்குப் பயந்து கோணல்மாணலாகச் செய்ததோ பத்து மாடல் ஓடியது. அடுத்த முறை கார் வடிவமைப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சுபாருக்காரர்கள் சுங்க இலாகா பக்கம் போய்த் தேடுவது நல்லது.