150 கிலோவுக்குள் ஒரு வள்ளம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டுச் சோபா சுவரை விட்டுத் தள்ளி நின்றால், அதற்குப் பின்னால் படகு இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இருக்கிறது. வரிசை வீடு, வாசலில் கார் விடவே பெர்மிட் வேண்டும். பக்கத்தில் வான்டில் ஆறு ஓடாமல் இல்லை. 1881-இல் மெர்ட்டன் அபேயில் துணி அச்சிடும் பட்டறை போட்ட வில்லியம் மொரிஸ், இந்தத் தண்ணீரை நம்பித்தான் வந்தார். துணி அலச ஆழம் போதும். படகு விடப் போதாது. ஆகவே படகை மடித்துக் கரவனில் ஏற்றிக்கொண்டு, தேம்ஸ் கரையில் செர்ட்சிக்குப் போய் முகாமடிப்பது எங்கள் கோடை வழக்கம்.

மடிக்கும் படகு புதுச் சரக்கல்ல. ஆல்ஃபிரட் ஹொய்ரிச் என்ற ஜெர்மன் மாணவர் 1905-இல் செய்த படகின் உரிமையை, 1907-இல் யோஹான் கிளெப்பர் என்ற தையற்காரர் வாங்கி விற்கத் தொடங்கினார். மரச் சட்டம், மேலே துணி. கழற்றினால் பைக்குள் அடங்கும். இந்த வகைப் படகொன்றை ஓஸ்கார் ஸ்பெக் 1932-இல் டான்யூபில் இறக்கினார். இந்தியா, இலங்கைக் கரைகளைச் சுற்றித் துடுப்புப் போட்டு, 1939-இல் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் போய் ஏறினார்.

இதை மாமியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏழு வருசமா அந்தப் பொடியன் என்னத்தைச் சாப்பிட்டவன்?"

மாமி வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938-இல் பாய்விரித்தே அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. வள்ளம் பற்றி அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க எதுவுமில்லை. சாப்பாடு பற்றியோ, வாயே திறக்கக்கூடாது.

சண்டையெல்லாம் பாரத்தில்தான். எங்கள் கரவனில் ஏற்றக்கூடியது 150 கிலோ. இருவர் படகு 30 கிலோவைத் தாண்டும். காஸ் சிலிண்டர், பற்றரி, கூடாரம் எல்லாம் போக மிஞ்சிய இடத்துக்கு மாமியின் பட்டியல்: அரிசி மூட்டை, கிரைண்டர், இடியப்ப உரல், குக்கர் இரண்டு. "ஒண்டு மச்சத்துக்கு, மற்றது சைவத்துக்கு."

பாரமான சாமான் அச்சுக்கு மேலே, தாழ்வாக இருக்கவேண்டும். பின்பக்கம் கனத்தால், வேகமெடுத்ததும் கரவன் பாம்பாய் நெளியும். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் காரின் கொக்கியில் அழுத்தினால் வண்டி ஒழுங்காக வரும். அதைப் பார்க்கக் குளியலறைத் தராசைத் தெருவில் வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கரவனின் இணைப்புத் தலையை அந்தக் கட்டையில் இறக்குவோம். தராசைக் கண்டதும், "நான் வரேல்லை, என்னை நிறுக்க வேண்டாம்" என்று மாமி உள்ளே போய்விடுவார்.

டெடிங்டனுக்கு மேலே தேம்ஸில் துடுப்புப் படகுக்கும் பதிவு வேண்டும் என்றேன்.

"தொண்டைமானாத்திலை வள்ளம் விட ஆரிட்டைக் கேட்டனாங்கள்?"

பாரத்துக்குத் தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான். கரவனில் ஏற்றினால்தானே கரவன் கணக்கு? அரிசி மூட்டை காரின் பின்சீற்றில், பெல்ட் போட்டுக்கொண்டு, மாமிக்குப் பக்கத்தில் அமர்ந்தது. கரவன் இழுத்தால் மோட்டர்வேயில் 60 மைல்தான் எல்லை. மூன்று லேன் இருந்தாலும் வலதுகோடி லேன் கிடையாது. பேசுவதற்கு நிறைய நேரம்.

"தம்பி, இவ்வளவு பெரிய வள்ளத்தை மடிச்ச வெள்ளைக்காரன், ஒரு குக்கரை மடிக்க ஏன் யோசிக்கேல்லை?"