பவுடர் வாசமும் மதுரை மாநகரும்: ஓர் ஆய்வு

மதுரையின் மணம் எது என்றால் மல்லிகை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டதால் அந்தப் பூவுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. ஆனால் காலை எட்டரை மணிக்கு மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில் ஏறி மூக்கால் கணக்கெடுத்தால் வேறு உண்மை புலப்படும். அங்கே ஆட்சி முகப்பவுடருடையது. பூ வைக்க ஆண்களுக்கு வழியில்லை. பவுடருக்கு ஆண், பெண், கண்டக்டர் என்ற பேதமே கிடையாது.

இலக்கியச் சான்றில் தொடங்குவதே ஆய்வு மரபு. மாங்குடி மருதனாரின் மதுரைக் காஞ்சியில், நெடுஞ்செழியன் காலத்து மதுரையில் வாசனைச் சுண்ணம் விற்போர் வருகிறார்கள். மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், இறைவன் நீராடப் பெண்கள் பொடி இடித்துக்கொண்டே பாடுவதாகத் திருப்பொற்சுண்ணம் பாடினார். ஆக, பொடி பூசும் பழக்கத்தை பாண்ட்ஸ்காரர்கள் வந்து நமக்குக் கற்றுத்தரவில்லை. டப்பா மட்டும் அவர்கள் உபயம்.

அறிவியலுக்கு வருவோம். டால்க் என்பது மெக்னீசியம் சிலிக்கேட் கல். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 1. நகம் பட்டாலே கீறல் விழும். அந்தக் கல்லுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசமில்லை, எல்லாம் பிறகு சேர்ப்பதுதான். வாசனைத் தொழிலில் பவுடர் மணம் என்று தனி வகையே இருக்கிறது. 1868-இல் வில்லியம் பெர்க்கின் செயற்கையாகத் தயாரித்த கூமரினும், 1893-இல் ஜெர்மானியர்கள் செய்து காட்டிய, வயலட் பூ மணக்கும் அயனோனும் அதற்குப் பேர்போன சரக்குகள். சித்திரை வெயிலில் வழியும் மதுரைக் கழுத்துகளுக்காக எங்கெங்கோ எத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள்!

செய்முறை வருமாறு: டப்பாவின் தலையைத் திருகி, இடது உள்ளங்கையில் இரண்டு உதறு. இரு கையும் தேய்த்து, நெற்றியில் ஆரம்பித்துக் கன்னம் வழியாக இறங்க வேண்டும். தாடையோடு நிறுத்துபவர் கற்றுக்குட்டி. கழுத்து, பிடரி, காலருக்குள் என்று போகிறவர்தான் அனுபவஸ்தர். காதுக்குப் பின்னால் தங்கிய வெள்ளையைக் கண்டுபிடிப்பது மனைவியின் துறை. “என்னங்க, மாவு மில்லுல இருந்து வந்தவரு மாதிரி இருக்கு, தொடச்சிட்டுப் போங்க!” தீர்ந்த டப்பாவைத் தொடையில் தட்டித் தட்டி மேலும் ஒரு வாரம் ஓட்டுவது தனி ஆய்வுக்குரியது.

இந்த மயக்கத்துக்கு நான் கண்ட காரணம் இது. செண்ட், ஆள் வருமுன் வந்து, ஆள் போனபிறகும் உட்கார்ந்திருக்கும். அத்தர் போட்டுப்போனால் “என்ன விசேஷம்?” என்று நாலு பேர் கேட்பார்கள். பவுடர் வாசம் சொல்வது ஒரே சேதி: இவர் குளித்துவிட்டார். அதையும் பக்கத்து சீட்டுக்கு மட்டும்தான் சொல்லும். மத்தியானம் வேர்த்துக் கொட்டி வாசம் போய்விட்டாலும், கழுத்து மடிப்பில் வெள்ளைக்கோடாகத் திரண்டு, காலைக் குளியலுக்கு எழுத்துபூர்வ சாட்சியாக நிற்கும். இந்த அடக்கமும் நாணயமும் எந்த செண்ட் பாட்டிலிலும் இல்லை என்பது என் தீர்ப்பு.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். டப்பாவை முகத்துக்கு நேரே பிடித்து உதறாதீர்கள், உள்ளங்கையில் கொட்டித் தடவுங்கள். டால்க் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கைக்குழந்தை இருக்கும் அறையில் அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.