மிஷனெரி அரிசி

எங்கள் வீட்டு அடுக்களையில், உப்புமரவைக்குப் பக்கத்தில், கழுத்து ஒடுங்கிய மண்கலயம் ஒன்று இருந்தது. அம்மா அரிசியை நாழியில் அளந்து சுளகில் கொட்டி, கல்லும் நெல்லும் பொறுக்கி, களையப் போகிற நேரத்தில் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். அப்போது வாய் ஏதோ முணுமுணுக்கும். ஜெபம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தபோது, "இன்னைக்கு வீட்ல ஆளு கூட, ஆண்டவரே, பிடியக் கொறச்சிக்கிடுதேன், நாளைக்குச் சேத்துப் போட்டுருதேன்" என்று கணக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அதுவும் ஜெபம்தான் என்று புரிய எனக்கு இன்னும் நாற்பது வருஷம் பிடித்தது.

அந்த அரிசிக்குப் பெயர் மிஷனெரி அரிசி. விளையாட்டுக்கு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்லலாம் என்று கலயத்துப் பக்கம் கையை நீட்டினால், "எல, அது டோர்னக்கல் அரிசி, தொடாத" என்று அதட்டல் வரும். டோர்னக்கல் எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கயத்தாற்றுக்கு வடக்கே, மதுரைக்கும் வடக்கே, தமிழ் முடிகிற இடத்துக்கு அப்பால் இருக்கிற ஊரெல்லாம் எங்களுக்கு டோர்னக்கல்தான்.

மாதக் கடைசியில் பெண்கள் சங்கத்து அக்காமார் இரண்டு பேர் சாக்கோடு வருவார்கள். வீட்டுக்கு வீடு கலயம் கவிழும். கார் அரிசி, பிசான அரிசி, புழுங்கல், பச்சை, ரேஷன் கடையில் வாங்கிய வாடையடிக்கும் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் ஐக்கியமாகிவிடும். சபை ஐக்கியத்தைப் பற்றி ஐயர் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறார். அதை நான் கண்ணால் கண்டது அந்தச் சாக்கில் மட்டும்தான். ஆனால் அந்த ஐக்கியத்தைச் சோறாக்க முடியாது. பாதி குழைந்து கஞ்சியாகும்போது மீதி விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் ஏலத்துக்கு வந்தால் அதைக் கேட்பதற்கு ஒரே ஆள், தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருந்த ஆச்சி. ஆட்டுரலில் போட்டால் எல்லா அரிசியும் மாவுதானே? டோர்னக்கல் போக வேண்டிய அரிசியை எங்களூர்க்காரர்களே இட்லியாகத் தின்று முடிக்க, அதன் காசு மட்டும் மணியார்டர் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போகும். அடுத்த வாரம் அறிவிப்பில் "பிடியரிசி வரவு ரூபாய் பதினொன்று, பைசா நாற்பது" என்று வாசிக்கும்போது, பெண்கள் பக்கம் ஒரு சின்ன நிமிர்வு தெரியும்.

ஏன் டோர்னக்கல் என்ற கதையை வருஷா வருஷம் பிப்ரவரி மாதம் உபதேசியார் சொல்லுவார். வெள்ளாளன்விளைப் பிள்ளை வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனாராம். போன இடத்தில் அவருக்கு வெட்கமாகப் போயிற்றாம். அங்கேயுள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, கடல் தாண்டி, நம்முடைய தொண்டிக்கு ஊழியக்காரரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நம்ம வீட்டு முற்றத்தப் பெருக்க அடுத்த வீட்டுக்காரன் தொடப்பத்தோட வந்து நிக்கான், நாம திண்ணையில உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டிருந்தோம்" என்பார். மறுவருஷம், 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகம் நம் நிர்வாகம். போக வேண்டிய இடமாகத் தேர்ந்தது நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கல். வேறு பாஷை, வேறு ராஜா. நிஜாமுக்குச் சொந்த நாணயம் வேறு இருந்தது. இன்றைக்கு அது ஒரு ரயில் டிக்கெட் தூரம். அன்றைக்கு நிஜமாகவே அந்நிய தேசம். அசரியாவே 1909-ல் அங்கே போய்க் கூடாரத்தில் தங்கித் தெலுங்கு படித்தார். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். தேரிமணலில் நடந்த கால், என்று உபதேசியார் தன் காலையே ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அந்தக் கதையில் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பிற்பாடு நானே யோசித்துப் பார்த்ததுண்டு. எங்கள் சீமையில் ஊர்ப் பெயர்களே பாதி ரசீதுகள். பிரஷ்யாவில் இருந்த டோனா பிரபு காசு அனுப்பினார். ரேனியஸ் ஐயர் அதில் ஊர் அமைத்தார். அது டோனாவூர் ஆயிற்று. சாயர் என்ற வியாபாரி நிலம் வாங்கித் தந்தார், சாயர்புரம் ஆயிற்று. முகம் தெரியாதவர்களிடம் காசு வாங்கியே நூறு வருஷம் பழகிப்போன ஜனத்திடம் போய், இனி நாம் முகம் தெரியாதவர்களுக்குக் கொடுப்போம் என்று ஒருவர் சொன்னால், கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? என் அம்மாவின் அம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் கலயம் வாங்கியிருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு அரிசி கிடையாது, தகரப் பெட்டி. மேலே துட்டுப் போட ஒரு கீறல், பக்கவாட்டில் காகிதத்தில் ஒட்டிய வசனம். ஞாயிறு பள்ளியில் ஆளுக்கொன்று கொடுத்து, வருஷக் கடைசியில் திரும்ப வாங்குவார்கள். இங்கே நான் ஒரு பாவத்தை அறிக்கையிட வேண்டும். ஈர்க்குச்சி நுனியில் கருவேலம்பிசினைத் தடவிக் கீறலுக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பத்துப் பைசா ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றல்ல, இரண்டு முறை. கம்பில் பொம்மை வைத்துக் கைதட்ட வைக்கிற சவ்வுமிட்டாய்க்காரர் அந்தக் காசுக்கு என் மணிக்கட்டில் ரோஸ் நிறத்தில் கடிகாரம் கட்டிவிட்டார், முள் வைத்து, வார் வைத்து. அதைத் தின்ன மனசில்லாமல் கட்டிக்கொண்டே ஞாயிறு பள்ளிக்குப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்து, "மணி என்னப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மிஷனெரியே லீவில் வருவார். அது பண்டிகை. கோவில் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பெட்ரோமாக்ஸை அணைத்துவிட்டு ஸ்லைடு படம் காட்டுவார். முதல் படம் கண்டிப்பாகத் தலைகீழாகத்தான் வரும். தலைகீழாக ஞானஸ்நானம் பெறுகிற ஜனங்களைப் பார்த்து நாங்கள் சிரிக்க, ஐயர் இருட்டில் கனைப்பார். அவர் பேசுகிற தமிழில் தெலுங்கு கலந்துவிட்டிருக்கும். 'மஞ்சிதி' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒரு மாதம் தெருவில் அலைந்தோம். கிட்டிப்புள் அடித்தால் மஞ்சிதி, அடி வாங்கினால் மஞ்சிதி. சாப்பாடு எங்கள் வீட்டில். அம்மா நல்ல மிளகாய் அரைத்துக் கோழிக்குழம்பு வைத்து, ஐயோ காரம் கூடிப்போச்சே என்று கையைப் பிசைந்தபடி நின்றால், அவரோ "அம்மா, ஒரு பச்ச மிளகா இருக்குமா?" என்றார். அன்றைக்கு அந்த மனிதர் மேல் எனக்கு வந்த மரியாதை எந்தப் பிரசங்கத்திலும் வந்ததில்லை.

அந்த மயக்கத்தில்தான் பதினான்கு வயதில், ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், மிஷனெரியாகப் போக அர்ப்பணிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றபோது நான் உயர்த்தினேன். பக்கத்தில் இருந்தவன் உயர்த்தினான் என்பது ஒரு காரணம்; மறுநாள் கணக்குப் பரீட்சை என்பது இன்னொரு காரணம். அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு பி.காம். படித்தேன், குமாஸ்தா வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. முப்பத்திரண்டு வயதில் ஆபீஸ் பயிற்சிக்காக டெல்லிக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் போகும்போது, விஜயவாடா தாண்டி எங்கோ, சன்னலோரம் மஞ்சள் பலகை ஒன்று விர்ரென்று ஓடியது. டோர்னக்கல் ஜங்ஷன். காடு, கூடாரம், தலைகீழ் ஞானஸ்நானம் எல்லாவற்றையும் எதிர்பார்த்து எழுந்து நின்றேன். பிளாட்பாரத்தில் ஒருவர் வாழைப்பழத் தட்டோடு நின்றிருந்தார். ரயில் அங்கே நிற்கவில்லை. நான் வந்து சேர்ந்த மிஷன் தளம் அவ்வளவுதான்.

இப்போது எங்கள் கோவில் தூணில், வசனப் பலகைக்குக் கீழே, க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. காணிக்கை நேரத்தில் பை வரும்போது பாதிப் பேர் அதைத் தொட்டு ஆசீர்வதித்து அடுத்தவரிடம் தள்ளிவிட்டு, போனைத் தூக்கித் தூணைப் பார்க்கிறார்கள். கலயம் போய்விட்டது. பிடியரிசி போடலாம் என்றால் அரிசி குக்கருக்குத் தம்ளர் கணக்கில் போகிறது; அதிலும் எனக்கும் என் மனைவிக்கும் சர்க்கரை என்பதால் ராத்திரிக்குச் சப்பாத்தி. கலயமே இருந்தாலும் ஒரு பிடி கோதுமை மாவைத்தான் போட வேண்டும்.

மிஷனெரிகளும் போனில் வந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் விடிகாலை ஐந்து மணிக்கு ஜெபக் குறிப்பு வருகிறது. ஆனால் பாருங்கள், அன்றைக்கு எங்கே என்று எங்களுக்குத் தெரியாத ஊரை ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு எல்லாம் தெரிந்த ஊரை வெளியே சொல்லக்கூடாது. "வட மாநிலம் ஒன்றில் சகோதரர் எஸ்." முகத்தில் ஒரு மங்கல் வட்டம். கீழே, "இதைப் பகிர வேண்டாம்." ஒடிசாவில் 1967, மத்தியப் பிரதேசத்தில் 1968, குஜராத்தில் 2003 என்று மதமாற்றச் சட்டங்கள் வந்து, பிற்பாடு இன்னும் பல மாநிலங்களுக்கும் பரவியபின் இந்த எச்சரிக்கை வேண்டித்தான் இருக்கிறது. அந்த மங்கல் வட்டத்துக்குள் இருக்கிறவர் பச்சை மிளகாய் கேட்பாரா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்நிய தேசத்துக்கு ஆள் அனுப்புகிறதில் மட்டும் நாங்கள் குறை வைக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் போயிருக்கிறார்: மஸ்கட், துபாய், டல்லஸ், மெல்போர்ன். 'தூர தேசத்தில் இருக்கிற எங்கள் பிள்ளைகள்' என்று ஐயர் ஜெபத்தில் சொல்லும்போது முன்பெல்லாம் நாங்கள் டோர்னக்கல்லை நினைத்துக்கொள்வோம். இப்போது சபையே விசா, கிரீன் கார்டு என்று உருகுகிறது. போன வருஷம் ஜெப விண்ணப்பச் சீட்டுகளை எடுத்து வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மிஷனெரிக்கு ஒன்று, ஹெச்-1பி-க்கு ஒன்பது.

போன அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் வந்தது. மிஷன் நிதிக்கு. எங்கள் ஏலத்தில் எடுத்தவரே திரும்ப மேஜையில் வைத்துவிட, ஒரே எலுமிச்சம்பழம் ஆறு தடவை விலைபோனதெல்லாம் உண்டு. ஆகவே பூசணிக்காய் ஆயிரம் தாண்டியதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், கேட்டவர்கள் யாருமே அங்கே இல்லை. செயலாளர் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு கத்தினார். மஸ்கட் ஐயாயிரம். டல்லஸ் எட்டாயிரம். மஸ்கட் ஒன்பது. டல்லஸ் பதினைந்தாயிரம் என்றதும் பந்தல் கைதட்டியது. அப்போது பொருளாளர் அண்ணாச்சி, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மெல்ல எழுந்து போனை வாங்கி, "தம்பி, கோவிச்சுக்கிடாத. பாஸ்போர்ட்டு நம்ம பாஸ்போர்ட்டுதானா, இல்ல அங்கத்தது வாங்கியாச்சா?" என்று கேட்டார்.

வாங்கியாச்சு. மூன்று மாதம் முன்புதான். அதற்காக இதே சபை ஸ்தோத்திரமும் ஏறெடுத்திருந்தது. அண்ணாச்சி விளக்கினார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் மஸ்கட்டில் சம்பாதித்து அனுப்பினால் அது நம் காசு. அந்நியக் குடியுரிமை வாங்கிவிட்டால், இதே தெருவில் பிறந்து இதே கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவனே ஆனாலும், அவன் காணிக்கை வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். ஒரு பூசணிக்காய்க்காக யார் டெல்லி போவது? வெள்ளைக்காரன் காசு வேண்டாம், நம் காசு போதும் என்று அசரியா 1903-ல் வைராக்கியமாகச் சொன்னது இப்போது சட்டமாகவே ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் இடத்தில் எங்கள் பெரியம்மா மகன் நிற்கிறான், அவ்வளவுதான். மஸ்கட்டுக்கு ஒன்பதாயிரத்துக்கு முடிந்தது. காயைத் தூக்கிக்கொண்டு போய் மஸ்கட்காரனின் அம்மாவிடம் கொடுத்தோம். தனியாக இருக்கிற மனுஷி, "இதை வச்சி நான் என்னய்யா செய்ய?" என்று மறுநாள் அசனத்துச் சாம்பாருக்கே கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கோவில் காலியானபின் நானும் தூணுக்கு முன்னால் போனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு பத்துப் பைசாவுக்கு ஐம்பத்தைந்து வருஷ வட்டி எவ்வளவு என்று தெரியவில்லை; ஐநூறு ரூபாய் போட்டேன். எதற்காக என்று ஒரு கட்டம் கேட்டது. 'சவ்வுமிட்டாய்' என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பொருளாளர் அண்ணாச்சி கூப்பிட்டு, இது எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று விசாரித்தார். மிஷன் நிதிதான், பழைய பாக்கி என்றேன். அவர் நம்பவில்லை. ரசீதில் 'இதர வரவு' என்று போட்டிருக்கிறார்.