ஊட்டியா, பள்ளிக்கரணையா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'நீடித்த சுற்றுலா' பற்றி நேரில் காட்டிப் பாடம் நடத்த ஆசை. ஊட்டிக்குக் கூட்டிப் போகலாமா?
- ஓர் ஆசிரியை, பம்மல்

பதில்: தாராளமாக. முதலில் இ-பாஸ் எடுங்கள். வண்டிகளின் நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது அது. ஏன் வந்தது என்று விளக்கினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். மலை ஏறவே வேண்டாம்!

மீதிக்கு டவுன் பஸ் போதும். பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அங்கே நடமாடிய ஆதிமனிதர்கள் விட்டுப்போனது வெறும் கல். சிப்ஸ் பாக்கெட் அல்ல. அவர்களைவிடப் பொறுப்பான பயணிகள் உண்டா?

அங்கிருந்து துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. தென்சென்னையின் மழைநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புவது இதன் வேலை. குளிர்காலத்தில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். பெருங்குடிக் குப்பைக் கிடங்கை எந்தக் காலத்திலும் பார்க்கலாம். நீங்கள் வந்த சாலையே சதுப்பைப் பிளந்துதான் போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

திரும்பியதும் கட்டுரை வேண்டாம், கணக்குக் கொடுங்கள்: எத்தனை பறவைகள், எத்தனை பிளாஸ்டிக் பாட்டில்கள்? இரண்டாவது எண் பெரிதென்றால், அடுத்த முறை பெற்றோரைக் கூட்டிப் போங்கள்!