பீடத்துக்கடியில் கிடந்த சிலபஸ்

பாண்டிய நாட்டில் 12 வருடம் மழை இல்லை. அரசன் புலவர்களைக் கூப்பிட்டான். "ஐயா, உங்களுக்குச் சோறு போட என்னால் ஆகாது. எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள். நாடு நாடானதும் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டான்.

ஒருவழியாக மழை வந்தது. நாலு திசையும் ஆள் விட்டுத் தேடினார்கள். எழுத்து தெரிந்தவர் கிடைத்தார், சொல் தெரிந்தவர் கிடைத்தார், யாப்பு தெரிந்தவரும் கிடைத்தார். பொருளதிகாரம் தெரிந்த ஒருவரையும் காணோம். அரசன் இடிந்துபோனான். ஏரி தூர்வார வேண்டும், விதைநெல் தேட வேண்டும். அவனுக்கோ, தலைவி காத்திருந்தால் எந்தத் திணை என்று சொல்ல ஆளில்லையே என்ற விசாரம்.

நான் கட்டிய கதையில்லை இது. இறையனார் அகப்பொருள் உரையில் இருக்கிறது. என் பங்கு கொஞ்சம் உப்பு, காரம்.

மதுரை ஆலவாய்க் கடவுளான சிவனுக்கு மனசு கேட்கவில்லை. 60 சூத்திரம் இயற்றி, 3 செப்பேடுகளில் பொறித்து, தம் பீடத்துக்கடியிலேயே போட்டுவிட்டார். அரசன் கையில் நேரே கொடுத்திருக்கலாம். பூசை செய்பவருக்குப் பீடத்தின் கீழே பெருக்குகிற வழக்கமே கிடையாது. அன்றைக்கு என்னமோ தோன்றிப் பெருக்கினார். குப்பையோடு இலக்கணமும் வந்தது.

அதில் இருந்தது என்ன? களவு, கற்பு. வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பது எப்படி, தெரிந்தபின் குடும்பம் நடத்துவது எப்படி. தலையில் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி என்று இருப்பவருக்கு ஊடலைப் பற்றி எழுத அடுத்த வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டியதில்லை.

அகப்பொருள் இலக்கணத்தில் திணைக்கு நேரம் குறித்த அழகே அழகு. ஊடலுக்குரிய மருதத்துக்கு வைகறை என்று வைத்தார்கள். தலைவன் பரத்தை வீட்டிலிருந்து திரும்புகிற நேரம் அதுதான். சண்டைக்கு வேறு முகூர்த்தம் எதற்கு? குறிஞ்சிக்கோ நள்ளிரவு, மலைவழி, போதாததற்குக் குளிர்காலம். வழியில் புலி, யானை, பாம்பு. தலைவன் உயிரோடு வந்து சேர்ந்தால் புணர்ச்சி.

வேலையெல்லாம் தோழி தலையில். பகற்குறிக்கும் இரவுக்குறிக்கும் இடம் பார்ப்பவள் அவள். ஊர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வாய்விட்டுப் பேசினால் அலர். தாய் பெண்ணை வீட்டுக்குள் அடைத்தால் இற்செறிப்பு. மெலிந்துபோன பெண்ணை முருகன் பிடித்துவிட்டான் என்று வேலனைக் கூட்டிவந்து ஆட்டை வெட்டினால் வெறியாட்டு. "ஆட்டை விடுங்கள், ஆள் வேறே" என்று தோழி போட்டு உடைத்தால் அறத்தொடு நிற்றல். அதுவும் பலிக்காவிட்டால் உடன்போக்கு. மூட்டை கட்டித் தருபவளும் அவள்தான். இத்தனைக்கும் அவளுக்குப் பேர் கிடையாது. அகத்தில் யாருக்கும் பேர் சொல்லக் கூடாது என்பது விதி. தலைவன் தலைவிக்கு அது பாதுகாப்பு. தோழிக்குத்தான் நஷ்டம்.

சூத்திரம் கிடைத்ததும் சங்கப் புலவர் 49 பேரும் ஆளுக்கொரு உரை எழுதினார்கள். எது சரி? அடுத்தவர் உரையை ஒப்புக்கொள்ளும் புலவர் அன்றும் பிறக்கவில்லை. நடுவர் வேண்டும் என்று கடவுளிடமே போய்க் கிடந்தார்கள். உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனை உட்காரவைத்துப் படியுங்கள் என்று குரல் வந்தது. பையனுக்கு வயசு 5. வாய் பேச வராது. தமிழின் முதல் விமர்சகருக்கு இருந்த இந்தத் தகுதி பிற்பாடு வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை.

குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, மேலே உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவராகப் படித்தார்கள், பையன் அசையவில்லை. மருதன் இளநாகனார் படித்தபோது அங்கங்கே கண்ணீர், மயிர்க்கூச்சு. அவருக்குப் பின் வந்த நக்கீரர் படித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர். மெய்ப்பாடு என்று புலவர்கள் தீர்ப்பெழுதிக்கொண்டார்கள். அத்தனை உரையையும் உட்கார்ந்து கேட்ட 5 வயசுப் பிள்ளை எதற்கு அழுதது என்று பெற்ற தாயைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பாள்.

ஜெயித்த நக்கீரர் உரை வாய்மொழியாகப் பத்துத் தலைமுறை இறங்கி, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை வந்ததாம். வந்த வழியில் சும்மா வரவில்லை. 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் புகழும் பாண்டிக்கோவைப் பாட்டுகள் 300க்கு மேல் அதற்குள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பிறக்காத ராஜாவின் பாட்டை நக்கீரர் எப்படி மேற்கோள் காட்டினார் என்று அந்த நடுவரைத்தான் கேட்கவேண்டும். அவனுக்கோ வாய் வராது.