15 டாலர் டிடெக்டரும் ராஜாவின் வெள்ளியும்

ஸ்பெயின் ராஜா ஐந்தாம் பிலிப்புக்கு 1715-இல் கழுத்தளவு பணமுடை. சிம்மாசனத்துக்காகப் பல வருஷம் சண்டை போட்டுக் களைத்தவர். போதாக்குறைக்குப் புது ராணி வேறு வந்தாயிற்று. அமெரிக்க வெள்ளி வந்து சேர்ந்தால்தான் அரண்மனையில் அடுப்பெரியும்.

வெள்ளியும் ஜூலை 24 அன்று ஹவானாவிலிருந்து கிளம்பியது, நல்ல புயல் காலமாகப் பார்த்து. ஒரே வாரம். ப்ளோரிடா கரையோரம் 11 கப்பல்கள் போயின. கூடவே சுமார் 1,000 உயிர்கள். பிழைத்தவர்கள் கரையில் கூடாரம் போட்டு, முக்குளிப்பவர்களை இறக்கிக் கொஞ்சம் மீட்டார்கள். அதிலும் ஒரு பங்கை ஹென்றி ஜென்னிங்ஸ் என்பவர் ஜமைக்காவிலிருந்து மெனக்கெட்டு வந்து அள்ளிக்கொண்டு போனார்.

அப்புறம் 200 வருஷத்துக்கு மேல் கடல் வாய் திறக்கவில்லை. புயலடித்தால் மட்டும் செபாஸ்டியன் ஊர்க் கரையில் நாலு காசு துப்பும். அதுவும் பளபளக்காது, ஓட்டாஞ்சில்லு மாதிரி கறுத்துக் கிடக்கும்.

அதைப் பொறுக்கியவர்களில் ஒருவர் கிப் வாக்னர், வீடு கட்டித்தரும் காண்டிராக்டர். எந்தக் காசிலும் 1715-க்குப் பிந்தைய வருஷம் இல்லை என்பதைக் கவனித்தார். நிபுணரைக் கேட்டால், அந்தக் கப்பல்கள் இன்னும் தெற்கே அல்லவா முழுகின என்று பதில். காசுகளுக்கு இந்த விஷயம் தெரியாது, பாவம். டாக்டர் நண்பர் கெல்சோ நூலகத்துக்குள் தலையை விட்டு, 1775-இல் பெர்னார்ட் ரோமன்ஸ் எழுதிய புத்தகத்தைக் கண்டுபிடித்தார். கப்பல்கள் போனது செபாஸ்டியன் நதிக்கு எதிரே என்று அதில் அச்சிட்டே இருந்தது.

வாக்னர் ராணுவம் கழித்துக்கட்டிய மெட்டல் டிடெக்டர் ஒன்றை 15 டாலருக்கு வாங்கினார். கண்ணிவெடி தேடப் பிறந்த ஜாதி அது. இந்த ஜாதியில் பேர்போனதை ஸ்காட்லாந்தில் உட்கார்ந்து செய்தவர் போலந்து லெப்டினன்ட் ஜோசப் கோசாட்ஸ்கி. 1942-இல் எல் அலமைன் போரில் அப்படி 500 கருவிகள் பிரிட்டிஷ் படைக்கு வழி காட்டின. காப்புரிமை கேட்காத அந்த மனிதருக்கு மன்னர் அனுப்பியது ஒரு நன்றிக் கடிதம். ராஜாக்களின் பணமுடை அப்போதும் தீரவில்லை போலும்.

வாக்னரின் பழைய டிடெக்டருக்குத் தராதரம் கிடையாது. பீர் டப்பாவுக்கும் கூவும், தங்கத்துக்கும் அதே சுருதியில் கூவும். கடைசியில் துப்புக் கொடுத்தது ஒரு நாய். பின்னாலேயே வந்த அது, ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்த நீரை நக்கிக் குடித்தது என்பது வாக்னர் சொன்ன கதை. கடலோரத்தில் நல்ல தண்ணீரா? தோண்டினால் கிணறு. சுற்றிலும் கப்பல் ஆணி, பீரங்கிக் குண்டு, பிறகு ஒரு வைர மோதிரம். 1715-இல் கூடாரம் போட்ட அதே இடம்!

அடுத்து ஆட்களைச் சேர்த்துக் கடலுக்குள் இறங்கினார். பொற்காசு வந்தது, பின்னாலேயே ப்ளோரிடா அரசும் வந்தது. எங்கள் பங்கு 25 சதவீதம் என்றது. ஸ்பெயின் ராஜாக்கள் கேட்ட பங்குக்கே ‘ஐந்திலொன்று’ என்றுதான் பெயர்.