கிரெய்ன் மாமா

துப்பாக்கி சுடுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். லண்டன் விம்பிள்டன்வாசியான கிரெய்ன் மாமாவின் பொழுதுபோக்கு, வீட்டிலேயே தோட்டா நிரப்புவது. சுடுவதெல்லாம் நிரப்பியதைச் சரிபார்க்கத்தான்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பின்னறைக் கதவு சாத்தப்படும். ஜன்னலும்தான், காற்றுப் பட்டால் தராசு ஆடுமாம். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போடுகிறவர் மாமா. பித்தளைக் கூடுகளை எடை பார்த்துப் பிரிப்பார், கழுத்தை அளப்பார், கடைசித் துணுக்கு வெடிமருந்தைச் சாமணத்தால் இடுவார். குண்டு எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்காகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். இதே மனிதர்தான், சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று மாமி கேட்டால், "குத்துமதிப்பா போடேன்" என்பவர்.

மாமாவின் பக்கமும் நியாயம் உண்டு. 1,000 கஜ தூரத்தில், வினாடிக்கு 10 அடி வேகம் குறைந்தாலே குண்டு சில அங்குலம் கீழே இறங்கிவிடும். ஆனால் மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், சாதாரண 308 ரகக் குண்டு ஐந்தடிக்கு மேல் விலகிப்போகும். முதல் கோளாறுக்குத் தராசு இருக்கிறது. காற்றைப் படிக்கக் கண்ணும் பழக்கமும் வேண்டும். மாமா இன்னொரு தராசு வாங்கினார்.

குறி தப்பினால், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மட்டம், மருந்து லாட் சரியில்லை, பித்தளை களைத்துவிட்டது. விரல் மட்டும் ஒருநாளும் கூண்டில் ஏறியதில்லை. சுடுதளத்தில் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் பையன் கடைத் தோட்டாவை வைத்துக்கொண்டு நடுவிலேயே துளைப்பான். மாமா பரிவோடு சொல்வார்: "அதிர்ஷ்டம் தம்பி. நல்ல லாட்டா மாட்டியிருக்கு."

பேட்டைப் பெருமையும் உண்டு. 1860-இல் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா ராணி சுட்டுத் தொடங்கிவைத்தது விம்பிள்டன் திடலில்தான். சரே மாவட்டத்து பிஸ்லிக்குப் போட்டி இடம் மாறியது 1890-இல். அந்த முதல் போட்டியில் ராணிக்காக விட்வொர்த் துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தி, முன்கூட்டியே குறிவைத்துத் தந்திருந்தார்கள். 400 கஜத்தில் குண்டு நடுவை ஒட்டிப் பாய்ந்தது. "பாத்தீங்களா, ஆள் முக்கியமே இல்ல!" என்பார் மாமா, அரச குடும்பத்துக்குச் சற்றும் அஞ்சாமல்.

அப்படியானால் ஜூலையில் பிஸ்லியில் நடக்கும் மன்னர் பரிசுப் போட்டிக்கு இவர்தானே முதல் ஆளாக நிற்க வேண்டும்? ஜெயித்தவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகிற போட்டி அது. 1930-இல் அந்த நாற்காலியில் முதன்முதலாக ஒரு பெண் உட்கார்ந்தார், மார்ஜரி ஃபாஸ்டர். ஆனால் அங்கே வீட்டுத் தோட்டா செல்லாது. எல்லாருக்கும் ஒரே தோட்டாவைப் போட்டி நடத்துகிறவர்களே கொடுத்துவிடுவார்கள். மாமா அந்தப் பக்கமே தலைவைப்பதில்லை. சொந்தத் தோட்டாவுக்கு இடமுள்ள எஃப் கிளாஸ் போட்டிகளோடு சரி.

ஏன் என்று ஒருதரம் கேட்டேன். உண்மையிலேயே மனம் நொந்துபோனார்.

"எல்லாருக்கும் ஒரே தோட்டாவைக் குடுத்துட்டா, அப்புறம் திறமைக்கு என்ன மரியாதை?"